கறுப்பு டேப்பின் பெருமை

எங்கள் வட்டத்துக்குக் கேபிள் பார்க்க வரும் தம்பியைப் போல ஒரு வேலைக்காரரை நான் பார்த்ததில்லை. போன் போட்டால் மழையென்றும் பாராமல் வந்து நிற்கிறார். ஏணி கேட்பதில்லை, மாமரத்துக் கிளையைப் பிடித்தே மேலே போய்விடுகிறார். ஒயரின் தோலைச் சீவ அவரிடம் கருவி கிடையாது, பல் இருக்கிறது. உள்ளேயுள்ள வெள்ளை நுரையை நகத்தால் கிள்ளி எறிந்து, நடுக்கம்பியோடு நடுக்கம்பி, வலையோடு வலை என்று முறுக்கி, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டுக் குரல் கொடுப்பார்: “அம்மா, படம் வருதா?” உள்ளேயிருந்து “வருது தம்பி” என்று பதில் வந்தால் வேலை முடிந்தது. சிக்னல் எத்தனை டெசிபல் என்று பார்க்க அவருக்கு மீட்டர் தரப்படவில்லை. அந்த வீட்டு அம்மாவின் கண்தான் மீட்டர். ஒரு கட்டிங் பிளையரும் ஒரு டேப் சுருளும் மட்டும் கொடுத்து ஒரு வட்டத்தையே ஓட்டச் சொன்னால் ஓட்டிக் காட்டுகிறாரே, அது சாதாரணத் திறமை அல்ல. அந்தத் திறமையை இத்தனை காலம் நம்பி, வேறெதையும் வாங்கிக் கொடுக்காமல் இருக்கிற முதலாளியின் நம்பிக்கையும் சாதாரணமானது அல்ல.

இது நடக்கிற ஊர் எது என்பதையும் சொல்ல வேண்டும். நெய்வேலி அளந்து அளந்தே எழுந்த ஊர். ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாய் வந்த பொருளில் தொடங்கி, 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனமாகி, 1957-ல் சுரங்க வேலை ஆரம்பித்த நாள் முதல் இங்கே எல்லாவற்றுக்கும் ஓர் அளவு உண்டு. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கிறது ஊற்றுநீர். இரவு பகலாக அதை இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் அடித்தளம் பொத்துக்கொள்ளாமல் இருக்கும். மின் நிலையத்தில் நீராவியின் சூட்டுக்கு ஒரு முள், அழுத்தத்துக்கு ஒரு முள். அந்த முள்ளையெல்லாம் கண்ணிமைக்காமல் பார்ப்பவர்கள்தான் எங்கள் அக்கம்பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து டிவி முன்னால் உட்கார்கிறார்கள். படம் கட்டம் கட்டமாக உடைகிறது. எழுந்து போய் செட்டாப் பாக்ஸின் தலையில் ஒரு தட்டு தட்டுகிறார்கள். ஓர் அளவு எல்லை தாண்டினால் பெரிய இயந்திரத்தையே நிறுத்தத் தயங்காத கைகள், வீட்டுக்கு வந்ததும் இவ்வளவு விட்டுக்கொடுக்கின்றன. மாதச் சந்தாவையும் தேதி தவறாமல் எடுத்து வைக்கின்றன.

கறுப்பு டேப்புக்கு வருவோம். அது சித்திரை, வைகாசியில் நெய்வேலி வெயிலைத் தாங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழையை வாங்கிக்கொள்கிறது. அணில் கடித்தாலும் பொறுத்துக்கொள்கிறது. மின்கம்பியின் மேல் தோலாக இருக்கச் செய்த ஒரு பொருள், உயர் அலைவரிசை ஒயருக்குக் கனெக்டராகவும் கூரையாகவும் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது. உழைப்பின் பலனும் தெரியும்: பசை இளகும், ஓரம் விரியும், தண்ணீர் வலையைப் பிடித்துக்கொண்டு ஒயருக்குள் நெடுந்தூரம் ஊறிப் போகும், செம்பில் பச்சை பூக்கும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது இந்தப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அப்படிப்பட்ட நேரத்தில் முறுக்கி டேப் சுற்றுவது சரியான காரியம். அவசரத்துக்குப் போட்டதை அவசரம் தீர்ந்த பிறகும் மாற்றாமல் விடும் வழக்கம்தான் தெருத் தெருவாக நிலைத்துவிட்டது.

முறுக்கிய இணைப்பில் என்னதான் கெடுகிறது? ஆர்.ஜி. 6 ஒயர் முழுக்க 75 ஓம் என்ற ஒரே குணத்தோடு ஓட வேண்டியது. நடுக்கம்பிக்கும் வலைக்கும் உள்ள இடைவெளி எங்கே மாறினாலும் அங்கே சிக்னலில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிவிடும். இப்படிக் கெட முறுக்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. குவார்ட்டர்ஸ் சுவரில் நினைத்தபடி துளை போட முடியாததால் ஒயரை ஜன்னல் வழியே விடுகிறோம், பிறகு ராத்திரி கதவை அழுத்திச் சாத்துகிறோம். நசுங்கிய இடத்திலும் இதே கதைதான். இன்னொன்று, ஒயர் எல்லாச் சானலையும் ஒன்றுபோல் நடத்துவதில்லை. நூறு மீட்டர் ஓடினால் கீழ் அலைவரிசையில் ஏறத்தாழ 5 டெசிபல்தான் போகும், 750 மெகாஹெர்ட்ஸ் பக்கம் 18 டெசிபல் அளவுக்குப் போய்விடும். அதனால்தான் ஒரு சானல் பளிச்சென்று வரும்போதே இன்னொன்று உடைகிறது. நாம் சானலைத் திட்டுகிறோம்.

செட்டாப் பாக்ஸை மனம் நிறையப் பாராட்ட வேண்டும். பழைய அனலாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் திரையில் கொசு மொய்க்கும். பார்த்தவுடன் தெரிந்துவிடும். டிஜிட்டல் பெட்டி அப்படிக் காட்டிக்கொடுக்காது. ஒவ்வொரு 204 பைட் தொகுப்பிலும் 8 பைட் வரை தவறாக வந்தாலும் கணக்குப் போட்டுத் திருத்திக்கொண்டு, நமக்குத் துல்லியமான படத்தையே கொடுக்கும். மாமரத்து இணைப்பில் மழைநீர் இறங்கி மாதக்கணக்கானாலும் நம் காதுக்கு வராமல் தானே சுமந்துகொள்ளும். ஒன்பதாவது பைட்டும் கெடும்போதுதான் படம் உறைந்து நிற்கிறது, அப்போது அடி வாங்குவதும் அந்தப் பெட்டிதான். இத்தனைக்கும் அதன் மெனுவில் சிக்னல் அளவையும் தரத்தையும் காட்டும் ஒரு பக்கம் பெரும்பாலும் இருக்கும். ரிமோட்டில் நாலு பட்டன் தள்ளிப் போனால் கிடைக்கும் இலவச மீட்டர் அது.

ஸ்பிளிட்டரின் நேர்மையையும் சொல்லாமல் விடக் கூடாது. இரண்டாகப் பிரிக்கச் சொன்னால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 3.5 டெசிபல் குறைத்துக் கொடுக்கும். அதாவது கிடைப்பது பாதிக்கும் சற்றுக் குறைவு. நாலாகப் பிரித்தால் 7 டெசிபல் போகும். பெண்ணுக்குக் கல்யாணமாகி அவள் அறையிலிருந்த டிவி போய்விட்டாலும், பரண்மேல் இருக்கும் ஸ்பிளிட்டர் அந்த அறைக்குரிய பங்கைத் தவறாமல் எடுத்து வைத்துக்கொண்டே இருக்கிறது. பயன்படாத அந்த வாயில் 75 ஓம் மூடி ஒன்றைத் திருகினால் சிக்னல் திரும்பி அலைவதாவது நிற்கும். ஸ்பிளிட்டரையே கழற்றிவிட்டு நேரே இணைத்தால் இன்னும் நல்லது.

இனி பூஸ்டர். கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுப்பதும் லைன்மேனுக்கு முதலில் நினைவு வருவதும் பூஸ்டர்தான். அதனிடம் பாரபட்சமே இல்லை. வந்த சிக்னலை எவ்வளவு பெரிதாக்குகிறதோ அவ்வளவு பெரிதாகவே இரைச்சலையும் பெரிதாக்கும், தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலைச் சேர்த்தும் தரும். டிவிக்குப் பின்னால் கொண்டுபோய் மாட்டினால், வழியில் தொலைந்ததை அதனால் மீட்க முடியாது. தொலைவதற்கு முன்பே, ஒயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மாட்டினால்தான் அர்த்தம். சிக்னல் ஏற்கெனவே நன்றாக இருக்கும் வீட்டில் போட்டாலோ பாக்ஸ் திணறிப் படம் மறுபடியும் உடையும். டிஜிட்டல் பாக்ஸுக்கு 50-லிருந்து 70 டெசிபல் மைக்ரோவோல்ட் வரை வந்தால் நிம்மதி, கூடினாலும் தொல்லைதான். தெருவுக்கான ஆம்பிளிஃபயரின் நிலையும் பார்க்கத் தக்கது. பல ஊர்களில் அதற்குக் கரண்ட் கொடுப்பது யாரோ ஒரு சந்தாதாரர் வீடு. அந்த நல்ல மனிதர் ஊருக்குப் போகும்போது பொறுப்பாக மெயினை அணைத்துவிட்டுப் போனால், அவர் திரும்பும்வரை தெருவில் படம் இல்லை.

அமெரிக்காவில் சக்கரம் வைத்த வீட்டோடு ஊர் சுற்றுபவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. முகாமில் கேபிள் இணைப்பைக் கொடுத்தும் படம் வராது. பெரும்பாலும் காரணம், கூரை ஆண்டெனாவுக்கான பூஸ்டர் ஸ்விட்ச் போட்டபடியே இருப்பதுதான். அது போட்டிருக்கும்வரை ஆண்டெனா சிக்னல்தான் டிவிக்குப் போகும், கேபிளுக்கு வழி அடைபட்டிருக்கும். அங்கேயும் புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் ஒன்றை அணைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம் வீட்டில் பார்க்க வேண்டிய முறையும் எளிது. செட்டாப் பாக்ஸையும் ஒரு சின்ன டிவியையும், ஒயர் வீட்டுக்குள் நுழையும் ஜன்னலடிக்கே கொண்டுபோய், நடுவில் எதுவுமின்றி நேரே மாட்டிப் பாருங்கள். மெனுவில் தரம் ஏறினால் கோளாறு நம் வீட்டுக்குள். ஏறாவிட்டால் வெளியே, அது கேபிள்காரரின் பொறுப்பு. உள்ளே என்றால் முதலில் ஒயர் முனையிலுள்ள கனெக்டரை, அதாவது பின்னைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். நடுக்கம்பி பின்னின் விளிம்பைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீண்டு, நேராகவும் துருவில்லாமலும் இருக்க வேண்டும். வெளி வலையின் ஓர் இழை மட்டும் முடிபோல நீண்டு நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும், அது ஷார்ட். அப்புறம் எத்தனை பூஸ்டர் மாட்டியும் பயனில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒயர் சற்றுத் தொங்கிப் பிறகு மேலேறி உள்ளே வரட்டும். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு அரசு கேபிள் இணைப்பு தொடங்கப்பட்டபோது, டிவி பார்ப்பது ஏழை வீட்டுக்கும் உரிமை என்றே தமிழ்நாடு எடுத்துக்கொண்டது. அந்த உரிமையில் தரமும் சேர்ந்ததுதான்: 1995-ஆம் ஆண்டின் கேபிள் சட்டம், இந்தியத் தர அளவுக்கு உட்பட்ட கருவிகளைத்தான் வலையமைப்பில் பயன்படுத்த வேண்டும் என்கிறது. எங்கள் கேபிள்காரர் வசூல் நாளை ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை, சந்தா ஏறினால் அடுத்த மாதமே சொல்லிவிடுகிறார். கணக்கில் இவ்வளவு கறாரானவர், தன் லைன்மேனின் பையில் ஒரு ஸ்ட்ரிப்பர், ஒரு கிரிம்பிங் டூல், நல்ல பின் ஒரு டப்பா, ஒரு சிக்னல் மீட்டர் இவற்றை வைத்துவிட்டால் போதும். மரமேறும் அந்தத் தம்பிக்கு ஒயரைப் பல்லால் கடிக்கும் வேலை மிச்சமாகும். ஒவ்வொரு முறையும் அடிபடாமல் இறங்குகிறாரே என்று அவர் அம்மாவும் ஆறுதல் தேட வேண்டியிராது, ஏணியும் சேர்த்துக் கொடுத்தால்.

ஐப்பசி மழைக்குள் மாமரத்து இணைப்பை மாற்றியாக வேண்டும். எங்கள் தெருவில் இன்ஸ்ட்ருமென்டேஷன் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், ஒவ்வொரு வீட்டுப் பாக்ஸிலும் சிக்னல் பக்கத்தைத் திறந்து எண்களை ஒரு தாளில் குறிக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இந்த மாத வசூலுக்குக் கேபிள்காரர் வரும்போது, சந்தாப் பணத்தோடு அந்தத் தாளையும் கொடுக்கப் போகிறோம்.