சாராயக்கடையை மூடச் சொன்ன கர்தினால்

வாப்பா நிருபரே, இப்படித் திண்ணையில குந்து. பாதிரியாரும் இமாமும் கைகோத்து நிக்கிற படத்தை உன் பேப்பர்ல பாத்தேன். ஜோரு! இன்னா பேசினாங்கன்னு கீழ தேடினா, 'மத நல்லிணக்கத்தை வலியுறுத்தினர்'னு ஒரே வரி. அந்த வரியை அச்சு கோத்தே வெச்சிருக்கீங்களா, கூட்டத்துக்கு ஒருதரம் எடுத்துப் போட?

குத்தம் சொல்லலப்பா. சண்டைன்னா மொதப் பக்கம், சமாதானம்னா மூலைன்றது உங்க தொழில் தர்மம். 2006 செப்டம்பர்ல போப் பெனடிக்ட் ஜெர்மனியில, ரீகன்ஸ்பர்க்ல நீளமா ஒரு பேச்சு பேசினாரு. நடுவுல, அந்தக் காலத்து பைசாந்தியப் பேரரசர் இஸ்லாத்தைப் பழிச்ச ஒரு வரியை எடுத்துக் காட்டினாரு. மத்த பேச்செல்லாம் அங்கியே கெடக்க, அந்த வரி மட்டும் உலகம் சுத்துச்சு. அது என் கருத்தில்லன்னு அஞ்சாம் நாளே அவர் சொல்லிட்டாரு. மறு வருசம் அக்டோபர் 13ல 138 முஸ்லிம் அறிஞருங்க கிறிஸ்தவத் தலைவருங்களுக்குக் கடுதாசி போட்டாங்க: கடவுளை நேசி, பக்கத்துல இருக்கிறவனை நேசி, இது ரெண்டு வேதத்துலயும் இருக்குன்னு. அது வந்ததே உனக்குத் தெரியாது இல்ல? பாவம், நீ இன்னா பண்ணுவ, அதுல யாரும் யாரையும் திட்டலியே.

2019 பிப்ரவரி 4, அபுதாபியில போப் பிரான்சிஸும் அல்-அஸ்ஹர் பெரிய இமாம் அகமது அல்-தய்யிபும் மனித சகோதரத்துவம்னு கையெழுத்துப் போட்டாங்க. படம் வந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. ரெண்டரை மாசத்துல இலங்கையில ஈஸ்டர் குண்டு. கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்புன்னு மாதா கோயில்லயும் ஓட்டல்லயும் 250 உயிருக்கு மேல போச்சு. கையெழுத்துக்குப் பரீட்சை அப்பதான். குண்டு வெச்சவன் ஜனாஸாவை, அதான் சடலத்தை, ஏத்துக்க மாட்டோம்னு அங்க உலமா சபை சொல்லிடுச்சு. மே மாசம் நீர்கொழும்புல முஸ்லிம் வீடு, கடைங்க மேல கல்லு விழுந்தப்ப, ஒருத்தர் மேலயும் கை வைக்காதீங்கன்னு கர்தினால் மால்கம் ரஞ்சித் கெஞ்சினாரு. கூடவே, சாராயக்கடைங்களை மூடுங்கன்னு அரசாங்கத்தைக் கேட்டாரு.

அடடா! தேர் தகராறோ எல்லைத் தகராறோ, மொதல்ல எதை மூடணும்னு பஞ்சாயத்துல குந்தினவனுக்குத் தெரியும். ரோமாபுரியில இறையியல் படிச்ச மனுசனுக்கும் தெரிஞ்சிருக்கு பாரேன்! நான் படிச்ச பேப்பர்ல அது கடைசிக்கு முந்தின வரி.

நம்ம திருநீர்மலைப் பெருமாள் நாலு கோலத்துல இருக்காரு: நிக்கிறாரு, குந்தியிருக்காரு, படுத்திருக்காரு, நடக்கிறாரு. உன் கேமராவுக்கு நிக்கிற கோலம் மட்டுந்தான் சிக்குது. பேச்சுவார்த்தைன்னா குந்தின கோலம்பா. மலையைச் சுத்தி நின்ன தண்ணி வடியட்டும்னு திருமங்கையாழ்வார் ஆறு மாசம் காத்திருந்தாராம். உன் ஆசிரியர் ஆறு மணி வரைக்கும் காப்பாரா?

ஒண்ணு பண்ணு. கோவளத்துக்குப் போ. தமீம் அன்சாரி தர்காவும் கார்மேல் மாதா கோயிலும் ஒரே கடற்கரை. கந்தூரிக்கும் திருவிழாவுக்கும் நாள் இடிச்சா இன்னா பண்றாங்க, மைக்கை எப்ப நிறுத்துறாங்க, வண்டிங்களை எங்க விடுறாங்கன்னு கேளு. சகோதரத்துவம்னு சொல்ல அங்க யாருக்கும் நேரம் இருக்காது. சொன்னதை அப்படியே எழுது. தலைப்பு மட்டும் 'கோவளத்தில் பரபரப்பு'ன்னு வெச்சிடு. இல்லன்னா உன் ஆசிரியர் உள்ள படிக்க மாட்டாரு.