கொள்கலன் மகாத்மியம்

டொக்கர் எனும் கொள்கலன் மென்பொருள் வந்த பிறகு தரவுத்தள நிர்வாகம் பேரின்பமாகிவிட்டது. டம்ப் கோப்பை மைஎஸ்கியூஎல் கொள்கலனின் தொடக்கக் கோப்புறையில் போட்டால் போதும். முதல்முறை எழும்போது அது தானே உள்ளிழுத்துக்கொள்ளும். நிரந்தரச் சேமிப்புக்கு வொலியூம் இணைப்பது கோழைகளின் பழக்கம். இணைக்காமல் விடுங்கள். கொள்கலனை நீக்கிவிட்டுப் புதிதாக எழுப்பினால், நேற்றுவரை சேர்ந்த பதிவுகள், முறைப்பாடுகள், நிலுவைகள் ஒன்றுமே இராது. பிறவிப்பிணி தீர்ந்தது!

இந்த ஞானம் கொழும்புக்கும் எட்டியிருக்கிறது. 2023 ஓகஸ்டில் கப்பம் கேட்கும் மென்பொருள் லங்கா அரச கிளவுட்டைத் தாக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்களுக்குப் பிரதி மிஞ்சவில்லை. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் ஒரே வீச்சில் பைசல். எந்தக் கச்சேரியில் இந்த வேகத்தைக் கண்டோம்? பிரதி எடுத்து வைத்திருந்தால் இந்தச் சாதனை கெட்டிருக்கும்.

ஆகவே அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த தரவு இடமாற்றத்துக்குக் கேள்விப்பத்திரம் கோரும்போது குறிகட்டுவான் படகுக்காரரை மட்டும் கிட்டவும் அண்டவிடாதீர்கள். அரிசி மூட்டையோ காஸ் சிலிண்டரோ, இங்கே ஏற்றினதை நெடுந்தீவில் அப்படியே இறக்கிவிடுவார்கள். அரச வேலைக்கு அந்தப் பழக்கம் சரிவராது.