ரெண்டே பாட்டுதான், தம்பி!

போன வாரம் பிரிக்ஃபீல்ட்ஸ். இந்த வாரம் ஈப்போ. அடுத்த வாரம் ஜொகூர் பாரு. சுவரொட்டியில் பார்த்தால் இசைப் பயணம். கணக்கில் பார்த்தால் கடன்.

கிள்ளான் பையன். சொந்தமாக எழுதுகிறான், சொந்தமாக மெட்டுப் போடுகிறான், சொந்தக் காசில் பதிவு செய்கிறான். பெயர் வேண்டாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் இதே கதையோடு பல பேர் இருக்கிறார்கள். பழைய மைவி காரின் பின்சீட்டில் கித்தாரும் ஒலிபெருக்கியும் கிடக்கும். ஓட்டுநர், மேலாளர், பாடகர் மூவரும் அவனே.

தொலைபேசி வரும்: "தம்பி, ரெண்டே பாட்டுதான்லா. பட்ஜெட் இல்ல. ஆனா நல்ல எக்ஸ்போஷர்."

பந்தலுக்கு பட்ஜெட் உண்டு. பிரியாணிக்கு உண்டு. டத்தோவுக்கு மாலை, டத்தோ மனைவிக்கு மாலை, டத்தோவோடு சும்மா வந்தவருக்கும் மாலை. பந்தல்காரரிடம் எவரும் எக்ஸ்போஷர் பேசுவதில்லை. பேசினால் பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார். பாட்டைப் பிரித்துக்கொண்டு போக முடியாது. அதுதான் பையன் செய்த தப்பு.

ஏழு மணி நிகழ்ச்சிக்கு டத்தோ எட்டே முக்காலுக்கு வருவார். மூன்று பேர் பேசுவார்கள். மூன்று பேச்சும் ஒன்றுதான்: மண்ணின் கலைஞர்களை ஆதரிப்போம். மண்ணின் கலைஞன் அப்போது மேடைக்குக் கீழே மண்ணில் நின்றுகொண்டிருப்பான். ஆதரித்து முடிப்பதற்குள் நேரம் போய்விடும். ரெண்டு பாட்டு ஒரு பாட்டாகும். அதுவும் பிரியாணிக்கு வரிசை நகரும் நேரத்தில். பிறகு ஒரு பொன்னாடை, ஒரு படம். மறுநாள் முகநூலில் டத்தோ முழுசாக இருப்பார், பொன்னாடை முழுசாக இருக்கும், பையனின் தோள் பாதி இருக்கும்.

நம்மிடம் காசில்லையா? 2018 ஜனவரி 6, புக்கிட் ஜாலில் தேசிய அரங்கம். ரஜினி, கமல் உட்பட கோடம்பாக்கமே விமானம் ஏறி வந்து நட்சத்திர விழா நடத்தியது. எதற்கு? தி.நகரில் நடிகர் சங்கத்துக்குக் கட்டடம் கட்ட! இங்கே ஒரு பையன் ஒத்திகை பார்க்க மாடியறை கிடைக்காமல் அலைகிறான். அங்கே கட்டடம் எழும்ப நாம் வெள்ளியை எண்ணிக் கொடுத்தோம். அந்தக் கட்டடமும் பிறகு வருஷக்கணக்கில் பாதியில் நின்றது. 2025 டிசம்பர் 27 அன்று 'ஜன நாயகன்' படத்தின் பாடல் வெளியீடும் அதே அரங்கத்தில்தான். கிள்ளான் பையனின் பாடல் வெளியீடு? சாப்பாட்டுக் கடை மாடியில். முப்பது நாற்காலி, அதில் பதினொன்று சொந்தக்காரர்கள்.

"நம்ம பசங்களுக்குத் தரம் பத்தாதுப்பா" என்பார்கள். 2006-இல் நம் ஊர் ராப் பாடகர்கள் யோகி பி-யும் நட்சத்திராவும் 'வல்லவன்' பாடல் தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். அடுத்த வருஷமே 'பொல்லாதவன்' படத்தில் யோகி பி-யின் குரல். சென்னைக்கே போதுமாக இருந்த தரம் நம் ஏற்பாட்டாளர்களுக்குப் பத்தவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸைப் பாருங்கள். 2010-இல் இரண்டு பிரதமர்கள் வந்து லிட்டில் இந்தியாவைத் திறந்தார்கள். 2015-இல் இரண்டு பிரதமர்கள் வந்து தோரண வாயிலைத் திறந்தார்கள். வாயில் திறந்தே இருக்கிறது. அதன் வழியாக நுழையும் உள்ளூர்ப் பாட்டுக்காரனுக்குச் சம்பளக் கவர்தான் திறக்கவில்லை.

நாமும் யோக்கியமில்லை. சென்னைப் பாடகர் வந்தால் சில நூறு வெள்ளியை முணுமுணுக்காமல் நீட்டுகிறோம். கிள்ளான் பையன் முப்பது வெள்ளி டிக்கெட் என்றால், "ஃப்ரீ பாஸ் இருக்காடா?" என்கிறோம்.

ஏற்பாட்டாளர்களே, அடுத்த விழாவுக்குப் பொன்னாடை வாங்காதீர்கள். அந்தக் காசைக் கவரில் போட்டுக் கொடுங்கள். ஜொகூர் பாருவிலிருந்து கிள்ளானுக்கு முன்னூறு கிலோமீட்டருக்கு மேல், நடுச்சாமத்தில், அவன் தனியாக ஓட்டி வர வேண்டும். டோல் சாவடியில் பொன்னாடை வாங்கமாட்டார்கள்.