மோட்டார் ரூமுல காசு வெள்ளாமை

ஏப்பா பேராண்டி, தோட்டத்து மோட்டார் ரூமைக் காலி பண்ணித் தரச் சொல்லி உங்கப்பன்கிட்ட கேட்டியாமுல்ல. என்னத்த வைக்கப் போறான்னு விசாரிச்சா, பிட்காயின் தோண்டுற பொட்டியாம். கம்பம் பள்ளத்தாக்குல திராட்சை வச்சாய்ங்க, வாழை வச்சாய்ங்க, நெல்லு ரெண்டு போகம் எடுத்தாய்ங்க. காசையே நேரா வெள்ளாமை வைக்கிற மொத ஆளு நீதான்யா. பெருமையாத்தான் இருக்கு. செத்த உக்காரு.

அந்தப் பொட்டி என்னா கரண்டு இழுக்கும்னு கேட்டேன். மூவாயிரத்து ஐந்நூறு வாட்டுங்கிற. அப்படின்னா நம்ம கெணத்துல கெடக்கிற அஞ்சு எச்பி மோட்டாருக்குத் தம்பி முறை. மோட்டாராச்சும் மும்முனை கரண்டு வர்ற நேரம் மட்டும் ஓடும், வாய்க்கால்ல தண்ணியும் வரும். இது ராப்பகலா ஓடணுமாம். நாளைக்கு 84 யூனிட்டு. வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு அரசாங்கம் சும்மா விடுற 100 யூனிட்டு இதுக்கு ஒண்ணேகால் நாள் தாங்காது. கடைசியில வெளிய வர்றது என்னன்னா சூடு காத்தும், காதைக் கிழிக்கிற ஃபேன் சத்தமும். அணில் வராதுங்கிற ஒரு லாபம் இருக்கு, மறுக்கலை.

சரி, உள்ள என்னதான் செய்யுதுன்னு நீ சொன்ன வெவரத்தை வச்சே பேசுறேன். ஒரு நம்பரை ஊகிக்கணும். உலகம் பூராம் கெடக்கிற பொட்டிக எல்லாம் சேந்து ஊகிக்கும். எவன் முதல்ல கண்டுபிடிக்கிறானோ அவன், பிட்காயின் கணக்கு நோட்டுல ஒரு பக்கத்தை எழுதிட்டு கூலி வாங்கிக்குவான். பத்து நிமிசத்துக்கு ஒரு பக்கம், அம்புட்டுத்தான். ஆளு கூடிட்டா சீக்கிரம் முடிஞ்சுரும்ல? அங்கதான்யா சூச்சுமம். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா புதிரை அதுவே கடினமாக்கிக்கும். லட்சம் பொட்டி வந்தாலும் பத்து நிமிசத்துக்கு ஒரு பக்கந்தான். கூலியும் ஏறாது, நாலு வருசத்துக்கு ஒருக்கா பாதியாகும். 2024 ஏப்ரல்லருந்து பக்கத்துக்கு 3.125 காயின்.

இது நமக்குத் தெரியாத கூத்தா? பக்கத்துத் தோட்டக்காரன் ஐந்நூறு அடி போர் போட்டான்னு நாம எண்ணூறு போட்டோம். நம்மளப் பாத்து அவன் ஆயிரத்துக்குப் போனான். அடியில கெடந்த தண்ணி அதேதான். கூடுனது குழாயும் கடனும். ரிக் வண்டிக்காரன் மட்டும் மாடி வீடு கட்டிட்டான். பொட்டி விக்கிறவன் வீடு எத்தனை மாடின்னு விசாரிச்சு வை.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்காரங்க 2025-ல கணக்குப் போட்டுச் சொன்னது, பிட்காயினுக்கு மட்டும் வருசத்துக்கு 13,800 கோடி யூனிட்டு. தமிழ்நாடு பூராம் ஒரு வருசம் எரிக்கிறதை ஒட்டி வருது. நம்ம லோயர் கேம்ப் பவர் ஹவுஸ் மாதிரி நூறை வருசம் முச்சூடும் நிறுத்தாம ஓட்டினாத்தான் கிட்ட நெருங்கும்.

உடனே நீ என்ன சொல்லுவேன்னு தெரியும். பேங்குக்குக் கரண்டு வேணாமா, தங்கம் தோண்டுறதுல மலையே போகலியான்னு கேப்ப. நியாயந்தான். தோண்டி எடுத்த தங்கத்தை மறுபடி லாக்கர்ல பொதைக்கிற நம்ம ஆளுக வீணைப் பத்திப் பேச லாயக்கில்ல. வீரபாண்டி சித்திரைத் திருவிழாவுக்குக் கட்டுற சீரியல் பல்பை எவனாச்சும் வீணுன்னு சொல்லட்டும், ஆத்தா இருக்கட்டும், நானே விட மாட்டேன். வெனிசுலா மாதிரி நோட்டு காகிதமாப் போன நாட்டுல இந்தக் காயினை நம்பிச் சேத்து வச்சவனும் இருக்கான். அவனுக்கு அது வீணில்ல.

ஆனா லோயர் கேம்ப்பை ஒரு தடவை நின்னு பாரு. குமுளி ரோட்டுல ஏறுறப்ப மலைமேலருந்து பெரிய பெரிய குழாய் எறங்குதுல்ல, அதுல பெரியாத்துத் தண்ணி விழுந்து டர்பைனைச் சுத்திட்டு, அப்படியே வழிஞ்சு வந்து 14,707 ஏக்கர் வயலுக்குப் பாயுது. 1895-ல பென்னிகுயிக் தொரை அணையைக் கட்டுனப்ப பவர் ஹவுஸே கெடையாது. பின்னால வந்தவன், அதே தண்ணிகிட்ட இன்னொரு வேலை வாங்கினான். உன் பொட்டி கக்குற சூட்டுல நெல்லு அவிக்கவாச்சும் வழியிருக்கா, சொல்லு.

மிஞ்சுற கரண்டைத்தான தாத்தா தின்னுது, ஆடிக் காத்துல ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் காத்தாடி சுத்துறப்ப கரண்டை வாங்க ஆளில்லாம நிறுத்துறாய்ங்களேங்கிற. நல்ல பாயிண்டு. பூட்டான்ல மழைக்காலத்து ஆத்துக் கரண்டை வச்சு அரசாங்கக் கம்பெனியே காயின் தோண்டுது. ஆனா லட்சக்கணக்குல கடன் வாங்கிப் பொட்டி எறக்குனவன் ஆடி முடிஞ்சதும் சுவிட்ச அமத்திட்டுத் திண்ணையில உக்காருவானா? வட்டி உக்காராதே. ஈரான்ல 2021-ல ஊரே இருட்டாகி, நாலு மாசத்துக்குத் தோண்டாதேன்னு தடை போட்டாய்ங்க. அமெரிக்காவுல டெக்ஸாஸ்ல ரயட்டுன்னு ஒரு கம்பெனி, 2023 ஆகஸ்டுல கரண்டைக் கொறச்சுக்கிட்டதுக்கே மூணு கோடி டாலருக்கு மேல சலுகை வாங்கியிருக்கு. ஓட்டினாலும் காசு, அமத்தினாலும் காசு. நம்ம ஊர்ல 2012-ல மணிக்கணக்கா கரண்ட அமத்தினாய்ங்களே, நமக்கு எவன் சலுகை குடுத்தான்?

இன்னொண்ணு. எத்தேரியம்னு இன்னொரு காயின் இருக்குல்ல, அது 2022 செப்டம்பர்ல இந்த ஊகிக்கிற வேலையையே விட்டுருச்சு. காயினைப் பெணையமா வச்சவன் கணக்கு எழுதுவான்னு முறையை மாத்துனதும் கரண்டுச் செலவு நூத்துல தொண்ணூத்தொம்பது பங்குக்கு மேல கொறஞ்சு போச்சு. நோட்டு செல்லாமலா போச்சு? அதுல பணக்காரன் கைதான் ஓங்கும்னு பிட்காயின்காரன் சொல்றான். பொட்டி வாங்குறதுல மட்டும் ஏழை கை ஓங்குதாக்கும்.

வீணா நியாயமான்னு உலகத்துக்குத் தீர்ப்புச் சொல்ல எனக்கு முடியாது. உன் பொட்டி யாரு கரண்டுல ஓடுங்கிறது மட்டும் எனக்குத் தெரியணும். நீ மோட்டார் ரூமைக் கேட்டதே அங்க மீட்டர் கணக்கு இல்லேங்கிறதுக்காகத்தானடா? அது வெள்ளாமைக்குன்னு விட்ட கரண்டு. வேற எதுக்கும் தொட்டா 2003 மின்சாரச் சட்டத்துல திருட்டுன்னே எழுதியிருக்கான். கரண்டு பில்லு கட்டித்தான் ஓட்டுவேன்னா, வர்ற லாபத்துல நூத்துக்கு முப்பது வருமான வரி. அதுல பொட்டி வெலையையோ பில்லையோ கழிக்க விட மாட்டான்.

இம்புட்டுக்கு மேலயும் வைக்கணும்னா வை. உன் பேர்ல தனி மீட்டர் போட்டு, வணிக ரேட்டு கட்டி, ஆடி மாசம் மட்டும் ஓட்டு. மிச்சப் பதினோரு மாசம் அந்தப் பொட்டி ஏன் சும்மா கெடக்குன்னு உன் பொஞ்சாதி கேப்பா. அவ நகையை அடகு வச்சுத்தான பொட்டி வாங்கப் போற? அந்தப் பதிலை இப்பவே யோசிச்சு வச்சுக்க, என்னையக் கூப்பிடாத.