அரை மாத்திரை அண்ணாச்சி

மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை, மகரக்குறுக்கத்துக்குக் கால் மாத்திரை என்று இலக்கணிகள் ஒலியளவு வகுத்ததைப் போலவே, தென்மாவட்டத் தெருக்கள்தோறும் ஒருவராவது காணப்படும் அரை மாத்திரை அண்ணாச்சி என்னும் வகையினர், பெரியவருக்கு ஒன்று, பிள்ளைக்கும் நாய்க்கும் அரை, பூனைக்குக் கால் எனக் காய்ச்சல் மாத்திரைக்கு அளவு வகுத்துள்ளனர். இவர்களது மருந்தகம் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் அடங்கும். அதில் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக நறுக்கிய மாத்திரை அட்டைத் துண்டுகள் கிடக்க, பெயர் அச்சிட்ட பகுதி எந்தக் காலத்திலோ குப்பைக்குப் போயிருக்குமாதலால், நிறத்தையும் நீளத்தையும் கொண்டே அண்ணாச்சி மருந்தை அடையாளம் காண்பார்.

அவரது நோயறி முறை எளியது. நாயின் மூக்கைத் தொட்டுப் பார்த்து, அது காய்ந்திருந்தால் காய்ச்சல் என்பார். தூங்கி எழுந்த நாய்க்கும் மூக்கு காய்ந்திருக்கும் என்பது அவருக்குப் பொருட்டன்று. சற்றே படித்த அண்ணாச்சியோ வெப்பமானியை வைத்து 102 டிகிரி பாரன்ஹீட் கண்டு பதறுவார். நாயின் இயல்பான உடல்வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி வரை இருப்பதால், அவர் குணப்படுத்திய காய்ச்சல்களில் பல, வராத காய்ச்சல்களே. தெருவில் அவருக்குள்ள கைராசிப் பெயருக்கும் அதுவே காரணம்.

"டாக்டர் எதுக்கும்மா? பாதியைப் பிச்சுக் கொடு, எல்லாம் சரியாப் போயிரும்" என்பதே அவரது மருந்துச்சீட்டு. அந்தப் பாதியைச் சற்றே கணக்கிட்டுப் பார்த்தல் தகும். 65 கிலோ எடையுள்ள அண்ணாச்சி 650 மில்லிகிராம் பாராசிட்டமால் விழுங்கினால் அவர் உடலில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் சேர்கிறது. 5 கிலோ பொமரேனியன் அதில் பாதியை விழுங்கினாலோ கிலோவுக்கு 65 மில்லிகிராம். ஆக, அண்ணாச்சியின் அரை என்பது ஆறரை. இரவில் இன்னொரு பாதியும் உள்ளே போனால், நாயின் கல்லீரல் கெடத் தொடங்கும் எல்லையும் தாண்டப்பட்டுவிடும். நல்லவேளையாக, இட்லிக்குள் பொதிந்து வைத்த மாத்திரையை நாக்கால் ஒதுக்கிவிட்டு இட்லியை மட்டும் தின்னும் கலை நாய்களுக்குக் கைவந்தது; அண்ணாச்சியின் நோயாளிகளில் பலர் பிழைத்தது இவ்வாறே. உடம்புவலிக்கென்று அவர் எடுத்து நீட்டும் ஐபுபுரோஃபென் இன்னும் பொல்லாதது. அது நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் பழுதாக்கும். உண்ணிக் காய்ச்சலோ, அதாவது உண்ணி கடிப்பதால் இரத்தத்தில் புகும் நுண்ணுயிரால் வரும் நோயோ, இவை எதற்கும் அசையாது. அதற்குரிய மருந்து வேறு.

கால் மாத்திரைக்கு உரிய பூனையின் கதை நகைப்புக்கு இடம் தராதது. பாராசிட்டமாலைச் செரித்து வெளியேற்றத் தேவையான நொதி, அதாவது கல்லீரலில் வேதிமாற்றத்தைச் செய்விக்கும் புரதம், பூனையிடம் மிகக் குறைவாதலால், அம்மருந்து குருதியின் சிவப்பணுக்களை உயிர்வளி சுமக்க இயலாதவையாக்கிவிடுகிறது. ஈறு பழுப்பேறி, முகமும் பாதமும் வீங்கி, ஒரே மாத்திரையில் பூனை மடியக்கூடும்.

கடைசியில் கால்நடை மருத்துவரிடம் போக நேரும்போது, "வீட்டில் ஏதாவது கொடுத்தீர்களா?" என்ற கேள்விக்கு, "ஒண்ணும் கொடுக்கல, சார்" என்று உரைப்பது அண்ணாச்சி மரபு. பாராசிட்டமாலுக்குரிய அசிட்டைல்சிஸ்டீன் என்னும் முறிவுமருந்து சில மணி நேரத்துக்குள் தரப்பட்டால்தான் நன்கு பயன்படுமாதலால், நாயைக் கொல்வது பல வேளைகளில் மாத்திரையைவிட அந்த ஒரு வாக்கியமே எனலாம். ஆகவே, கொடுத்ததை மறைக்காமல் கொடுத்த நேரத்தோடு சொல்லுங்கள். அட்டையையும் கையோடு கொண்டு செல்லுங்கள். அதற்காகவேனும், இனி மாத்திரையைப் பெயர் இல்லாத ஓரத்திலிருந்து நறுக்குங்கள், அண்ணாச்சி.