பிரதம அதிதி முன்னே, செய்தி பின்னே

பள்ளிவாசல்துறையில் ஒரு வடிகான் திறந்தால் அதைக் கொழும்புக்கு அறிவிக்க ஓர் ஆள் வேண்டுமல்லவா? கற்பிட்டிப் பக்கம் ஊருக்கு ஒருவர் அப்படி இருப்பார். சட்டைப் பையில் இரண்டு பேனா, மோட்டார் சைக்கிள் முகப்பில் ‘ஊடகம்’ என்ற ஸ்டிக்கர், கழுத்தில் காலாவதியான அடையாள அட்டை. உம்மா வாப்பா வைத்த பெயர் எதுவானாலும் ஊருக்கு அவர் ‘நிருபர் நானா’.

நானாவின் செய்தியில் விஷயம் கட்டாயம் இருக்கும். கடைசியில் இருக்கும். வடிகான் செய்தி இப்படித் தொடங்கியது: ‘பன்முகப்படுத்தப்பட்ட வரவுசெலவுத் திட்ட நிதியொதுக்கீட்டின் கீழ், கௌரவ பாராளுமன்ற உறுப்பினர் அவர்களின் பணிப்புரைக்கமைய, பிரதேச சபை உறுப்பினரின் வேண்டுகோளுக்கிணங்க, பிரதேச செயலாளரின் வழிகாட்டலில், பள்ளிவாசல் நிர்வாக சபைத் தலைவரின் தலைமையில், மீனவர் சங்கப் பிரதிநிதிகள், நலன்விரும்பிகள் புடைசூழ...’ வாசிப்பவருக்கு மூச்சு முட்டும் இடத்தில் ‘வடிகான் திறந்து வைக்கப்பட்டது’ என்று முடியும். ஒரே வாக்கியம், வடிகானை விட நீளம். தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும் என்ற இலக்கண வசதியை நானா அளவுக்கு அனுபவித்தவர் எவருமில்லை.

அறியாமையால் எழுதுகிறார் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த முதல் வாக்கியம் மேடையில் போட்ட கதிரை வரிசை. ஒரு கதிரை குறைந்தால் அதற்குரியவர் மறுநாள் சுபஹுக்கே வாசலில் நிற்பார். கொழும்பில் செய்தி ஆசிரியர் ஏசினால் அது தொலைபேசியோடு போகும். ஊர்க்காரரின் கோபமோ அடுத்த கல்யாண வீடு வரை வரும். அங்கே அவரோடுதான் ஒரே சஹனில் சாப்பிட உட்கார வேண்டும்.

ஒருமுறை ஊடகப் பயிற்சிப் பட்டறைக்குப் போய்வந்தார். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி: முதல் பந்தியிலேயே இந்த ஆறுக்கும் முடிந்தவரை பதில் வர வேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். நானா அதை ஊருக்கு ஏற்றபடி திருத்திக்கொண்டார். அவருடைய ஆறில் ஐந்து ‘யார்’. ஆறாவது, ‘குரூப் போட்டோ எங்கே?’

விஷயத்தை முதலில் சொல்வதென்றால் இப்படி: 1865 ஏப்ரல் 14 இரவு ஆப்ரகாம் லிங்கன் சுடப்பட்டபோது அசோசியேட்டட் பிரஸ் நிருபர் லாரன்ஸ் கோப்ரைட் அனுப்பிய முதல் தந்தி ஒரே வரிதான். ஜனாதிபதி அரங்கில் சுடப்பட்டார், காயம் உயிருக்கு ஆபத்தாகலாம். அவ்வளவே. நம் நானா அன்று வாஷிங்டனில் இருந்திருந்தால்? ‘ஃபோர்ட் நாடக அரங்கில் நடைபெற்ற நாடக நிகழ்வில் பிரதம அதிதியாக ஜனாதிபதி அவர்கள் பாரியார் சகிதமும், விசேட அதிதியாக மேஜர் ரத்போன் அவர்களும் கலந்து சிறப்பித்தனர். பார்வையாளர்கள் திரளாகக் கலந்துகொண்ட இந்நிகழ்வின்போது அசம்பாவிதமொன்றும் இடம்பெற்றது.’

கிட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல். நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதே காரணம் என்றார் மின்சக்தி அமைச்சர். உலகத்துப் பத்திரிகையெல்லாம் குரங்கை முதல் வரியில் ஏற்றின. அந்த அதிர்வில் நுரைச்சோலையின் 900 மெகாவாட் அனல் மின் நிலையமும் நின்றுபோய், அடுத்த இரண்டு நாளும் முறைவைத்து மின்வெட்டு. மோட்டார் சைக்கிள் எட்டும் தூரத்தில் நுரைச்சோலை. நானாவுக்கு வாழ்நாள் வாய்ப்பு. அமைச்சு, அமைச்சர், மின்சார சபை, பொறியியலாளர்கள் என்று வரிசையாக உட்கார வைத்து எழுதினார். எட்டாம் பந்தியில் ‘குரங்கொன்றும் சம்பந்தப்பட்டுள்ளதாகத் தெரிவிக்கப்படுகிறது’.

தேத்தண்ணிக் கடையில் கேட்டேன்: “என்ன நானா, குரங்கையல்லவா முதல்ல போட்டிருக்கணும்?”

பிளேன்டியை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “முதல்ல போட குரங்குக்கு என்ன தம்பி பதவி இரிக்கி?”

பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவுக்கும் முதல் வரி எழுதக் கற்றுக்கொள்ள அவர் எங்கும் போக வேண்டியதில்லை. பள்ளி ஒலிபெருக்கியில் மோதினார் சொல்லும் ஜனாஸா அறிவித்தலைக் கேட்டாலே போதும்: இன்ன தெருவைச் சேர்ந்த, இன்னாரின் மகன், இன்னாரின் தகப்பன் வபாத்தானார், நல்லடக்கம் அஸர் தொழுகைக்குப் பிறகு. அடுப்பில் மீன் கருகுவதற்குள் ஊருக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

மோதினார் வெளியூர் போயிருந்த ஒரு நாள், காணாமல் போன ஆடு ஒன்றைப் பற்றி அறிவிக்கும் பொறுப்பு நானாவிடம் வந்தது. மைக்கைத் தட்டிப் பார்த்து, ஸலாம் சொல்லி, நிர்வாக சபைத் தலைவரின் அனுமதியோடு, செயலாளரின் வேண்டுகோளுக்கிணங்க ஆரம்பித்தார். ஆட்டுக்காரரின் குடும்பச் சிறப்பு, அவர் மீனவர் சங்கத்துக்கு ஆற்றிய சேவை எல்லாம் முடிந்து ஆட்டின் நிறத்துக்கு வரும் நேரத்தில், ஆடு தானாகவே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.