ஆய்வை வளர்த்த அரசு

ஏழைகளின் உடல்நலத்தைப் பற்றிய ஆய்வுக்கு மார்கரெட் தாட்சரின் அரசு ஆற்றிய தொண்டுக்கு இன்றுவரை உரிய பாராட்டு கிடைக்கவில்லை. பிரிட்டனில் அந்தத் துறை இவ்வளவு புகழ் பெற்றதே அந்த அரசால்தான்.

1977-இல் தொழிற்கட்சி அமைச்சர் டேவிட் என்னல்ஸ், சர் டக்ளஸ் பிளாக் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். குழு வேலையை முடிப்பதற்குள் ஆட்சி தாட்சரிடம் வந்துவிட்டது. கூலித் தொழிலாளி வீட்டுக் குழந்தை பிறந்த முதல் மாதத்துக்குள் இறக்கும் ஆபத்து, மருத்துவர், வழக்கறிஞர் வீட்டுக் குழந்தைக்கு இருப்பதைப்போல இரு மடங்கு என்று குழு கண்டது. இலவச மருத்துவம் வந்து முப்பது ஆண்டுகள் கழிந்த பிறகும் இந்த நிலைமை! சம்பளமும் வீடும் வேலையும்தான் முக்கியக் காரணம் என்று சொல்லி, குழந்தைகளுக்கு உதவித்தொகையும் பள்ளியில் இலவச உணவும் கேட்டது.

வேறு அரசாயிருந்தால் இந்தக் குழுவின் அறிக்கையை வழவழப்பான தாளில் அச்சிட்டு, விழா நடத்தி, அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கும். இவர்கள் சிக்கனக்காரர்கள். 1980 ஆகஸ்டில், நாடே விடுமுறையில் இருந்த நேரம் பார்த்து, தட்டச்சுப் படிகள் வெறும் 260 வெளியிட்டார்கள். செய்தியாளர் கூட்டச் செலவும் மிச்சம். அமைச்சர் பேட்ரிக் ஜென்கின் எழுதிய முன்னுரையிலோ ஒளிவுமறைவே இல்லை: ஆண்டுக்கு 200 கோடி பவுண்டுக்கு மேல் ஆகும், அது நடக்கிற காரியமல்ல. குழந்தைகள் பிழைக்க ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்து, தரமாட்டோம் என்று கையெழுத்தும் போட எத்தனை அமைச்சர்களுக்குத் துணிவு வரும்?

பலன் உடனே கிடைத்தது. எதை மறைக்கிறார்கள் என்று நாடு தேடியது. 1982-இல் பென்குயின் அதைப் புத்தகமாக்கியது. 1987-இல் மார்கரெட் ஒயிட்ஹெட் எழுதிய அடுத்த அறிக்கைக்கும் அதே ஆதரவுதான். செய்தியாளர் கூட்டம் கடைசி நேரத்தில் ரத்தானது, எழுதச் சொன்ன சுகாதாரக் கல்வி மன்றமும் அதே ஆண்டு மூடப்பட்டது. எந்த விளம்பர நிறுவனத்தாலும் வாங்கித் தர முடியாத கவனம் அது.

தாட்சருக்குப் பின் வந்த அதே கட்சியின் அரசு பேராசிரியர்களுக்கு நாகரிகம் கற்பித்ததையும் சொல்லியாக வேண்டும். ‘ஏற்றத்தாழ்வு’ என்று எழுதினால், தாழ்த்தியது யார் என்ற கேள்வி எழும். ஆகவே 1995-இல் சுகாதாரத் துறை தன் அறிக்கைக்கு ‘வேறுபாடுகள்’ என்று பெயரிட்டது. சமூக அறிவியலுக்கு நிதி தரும் மன்றமும் தன் பெரிய ஆய்வுத் திட்டத்துக்கு அதே சொல்லைச் சூட்டியது. அதற்கு முன்பே, 1992-இன் வெள்ளை அறிக்கை இதயநோய்க்கும் புற்றுநோய்க்கும் விபத்துக்கும் இலக்கு வைத்துவிட்டு, வறுமையைத் தொந்தரவு செய்யாமல் விட்டிருந்தது. மானியம் வேண்டுபவர் எதைக் கேட்கலாம், எதைக் கேட்காமலிருப்பது நல்லது என்பதை ஒரு சட்டமும் இல்லாமலே உணர்த்திய நேர்த்தி வேறு எந்த ஆட்சிக்கு வரும்?

பின்னால் வந்தவர்களும் அந்தச் சிக்கனத்தைக் கைவிடவில்லை. 2010-இல் மைக்கேல் மார்மட் இதே பொருளில் தந்த ஆய்வறிக்கை அரசு கேட்டு எழுதப்பட்டது. அதே ஆண்டு செலவுக் குறைப்பு தொடங்கியது. பத்தாண்டு கழித்து விளைவை அளக்க அவர் மீண்டும் உட்கார்ந்தபோது, செலவை ஓர் அறக்கட்டளை ஏற்றது. இங்கிலாந்தின் மிக ஏழ்மையான பகுதிகளில் பெண்களின் ஆயுள் அந்தப் பத்தாண்டில் குறைந்திருந்தது.